கருமுட்டை தானமும் என் சகலையும்

கருத்தரிப்பு கிளினிக்கில் கார் ஓட்டுகிறவன் கதவைத் திறக்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. அந்த ஒழுங்கு என் சகலை பழனிவேலுக்கு இல்லாமல் போனதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். என்னையும் என் மகளையும் முதலில் அவமானப்படுத்தியவர் அவர். பெயரை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் வேறு யாரையாவது நினைத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் குடும்பத்திலும் மனைவியின் அக்கா புருஷன் என்று ஒருவர் இருப்பார். இருந்தால் நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை, நீங்களும் என் கட்சிதான்.

நான் தொடக்கப் பள்ளியை முடிக்காதவன். வாழ்க்கையில் பெரும்பகுதி கட்டட வேலைக்கு மணலும் கம்பியும் ஏற்றும் லாரி ஓட்டினேன். இடுப்பு தாங்காமல் போனதும், நகரத்துக்குள் ஒரு தனியார் கிளினிக்கில் கார் ஓட்டும் வேலை கிடைத்தது. பிள்ளை இல்லாதவர்களுக்கு வைத்தியம் பார்க்கும் இடம். அங்கே வரும் பெண்களைக் கூட்டிவந்து, திரும்ப வீட்டில் விடுவது என் வேலை. மணலைவிடக் கனம் குறைவு என்று நினைத்துத்தான் சேர்ந்தேன்.

வேறொருவருக்கு விழ வேண்டிய திட்டு

சேர்ந்த புதிதில் எனக்கு ஒன்றும் தெரியாது. கிளினிக்கில் சிஸ்டர் லிம் என்று ஒரு தாதி, என்னைவிடக் கொஞ்சம் இளையவர். காருக்குள் யாருக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக அவர்தான் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். ஒரு பெண்ணுக்கு மாதத்துக்கு ஒரு கருமுட்டைதான் முதிரும். இங்கே தினமும் ஊசி போட்டு, ஒரே சமயத்தில் பல முட்டைகளை முதிர வைப்பார்கள். முதிர்ந்ததும் மயக்கம் கொடுத்து, உள்வழியாக மெல்லிய ஊசி விட்டு உறிஞ்சி எடுப்பார்கள். வேலை சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் மயக்கம் தெளிந்து எழுந்தாலும் அந்தப் பெண்ணைத் தனியாக அனுப்ப மாட்டார்கள். புருஷன் இல்லையென்றால் என் கார்.

அப்படி ஒரு டீச்சரம்மாவை ஏற்றினேன். கணவர் காலையில் வந்து, தன் பங்குக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு வேலைக்கு ஓடிவிட்டார். டீச்சரம்மாவுக்கு மயக்கம் முழுதாகத் தெளியவில்லை. பின்சீட்டில் சாய்ந்துகொண்டு என்னைத் தன் கணவர் என்று நினைத்துத் திட்ட ஆரம்பித்தார். ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவது, மாமியாரிடம் வாய் திறக்காமல் இருப்பது, கல்யாண நாளை மறந்தது என்று ஒன்றையும் விடவில்லை. நான் ஒவ்வொன்றுக்கும் "சரிம்மா, இனிமே செய்ய மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினேன். வாசலில் கணவர் வந்து நின்றிருந்தார். அந்தம்மா என் தோளைத் தட்டி, கடைசியாக ஒரு வசவு வைத்துவிட்டு இறங்கிப் போனார். விஷயத்தைச் சொன்னதும் அந்த மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அங்கிள், எனக்குன்னு கொஞ்சம் மிச்சம் வச்சிருக்காளா, இல்ல எல்லாத்தையும் நீங்களே வாங்கிட்டீங்களா?"

பேரம் பேச வந்தவர்

சிராங்கூன் ரோட்டில் நகைக்கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர், மகனையும் மருமகளையும் அழைத்துக்கொண்டு வந்தார். மருமகளுக்குத் தன் முட்டையால் பிள்ளை உண்டாகாது, வேறு பெண்ணின் கருமுட்டை வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பெரியவர் அசரவில்லை. எங்கே கிடைக்கும், என்ன விலை, நல்ல குடும்பத்து முட்டையாகப் பார்த்து எடுத்துவைக்க முடியுமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார். சிஸ்டர் லிம் அமைதியாகச் சொன்னாராம்: இந்த ஊர்ச் சட்டப்படி கருமுட்டையை விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. கொடுக்கிறவளுக்கு ஆகும் வைத்தியச் செலவையும் போக்குவரத்தையும் பார்த்துக்கொள்ளலாம், அதோடு சரி. முகம் தெரியாத பெண்கள் தானமாகக் கொடுப்பதும் உண்டு, ஆனால் அது அபூர்வம். காத்திருந்தால் வயது போய்விடும் என்று பலர் தங்கை, சித்தி மகள் என்று சொந்தத்திலேயே ஒருத்தியை அழைத்துக்கொண்டு வருகிறார்கள்.

திரும்பும்போது பெரியவர் முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மகனும் மருமகளும் பின்னால் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். கடை இருக்கும் தெருவில் கார் நுழையும்வரை பெரியவர் யோசித்துக்கொண்டே இருந்தார். இறங்கும்போது என்னிடம் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்.

"விலையே இல்லேங்கிறாங்க தம்பி. அப்புறம் நான் எதை வச்சுப் பேரம் பேசுறது?"

என் வீட்டுக் கதவு

அவரைப் பார்த்து மனசுக்குள் சிரித்தேன். ஒரு வருஷம் ஆகவில்லை, கிளினிக்கில் அவர் மருமகளுக்குப் போட்ட அதே நாற்காலியில் என் மகள் கலைச்செல்வி உட்கார்ந்திருந்தாள்.

கலைக்கு முப்பத்து நாலு வயதுதான். அதற்குள் சினைப்பையில் முட்டை தீர்ந்துபோய்விட்டது என்றார் டாக்டர். சிலருக்கு அப்படி ஆகுமாம், காரணம் தெரியாதாம். கருப்பை நன்றாக இருக்கிறது, அவளால் சுமக்கவும் பெறவும் முடியும். முட்டை மட்டும் வேறொருத்தி கொடுக்க வேண்டும். என் மருமகன் பிரகாஷ் தங்கமான பிள்ளை. "பிள்ளை இல்லாட்டியும் பரவாயில்ல மாமா, அவ அழாம இருந்தா போதும்" என்றான். ஆனால் கலை அழுவதை நிறுத்தவில்லை. அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: உங்க கிளினிக்கில யாராவது கொடுப்பாங்களாப்பா? எத்தனையோ பெண்களை ஏற்றி இறக்கியவன், அன்று என் மகள் முன்னால் கார் சாவியைத் தடவிக்கொண்டு நின்றேன்.

என் மனைவி ராஜம் இதைத் தன் அக்காவிடம் சொல்லி அழுதிருக்கிறாள். அக்காவுக்கும் பழனிவேலுக்கும் ஒரே மகள், ரேவதி. பாசிர் ரிஸ்ஸில் இருக்கிறாள், பாலர் பள்ளியில் ஆசிரியை, கையில் ஒரு பெண் குழந்தை. கலையும் ரேவதியும் கூடப்பிறந்தவர்கள் மாதிரி வளர்ந்தவர்கள். விஷயம் தெரிந்த மறுநாளே ரேவதி வந்து நின்றாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. இதை நான் கோயிலில் வேண்டுமானாலும் சொல்வேன், யாரும் கேட்கவில்லை. ஊசி, மயக்கம், வலி எல்லாவற்றையும் நான் ஒளிக்காமல் சொன்னேன். அவள் பிஸ்கட் தின்றுகொண்டே கேட்டாள்.

"மாசாமாசம் வீணாப் போறதுதானே சித்தப்பா. அக்காவுக்குக் கொடுத்தா நான் என்ன கொறைஞ்சா போயிடுவேன்?"

பந்தியில் பரிமாறியது

காத்தோங்கில் நாங்கள் குடும்பமாகப் போகும் கோயிலில் அன்னதானம். பழனிவேல் அங்கே எப்போதும் பரிமாறுவார். அதில் அவரைக் குறை சொல்ல மாட்டேன், கை தாராளம். அன்றைக்குத்தான் ரேவதி தன் அப்பாவிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தாள். எனக்கு அது தெரியாது. நானும் ராஜமும் கலையும் பிரகாஷும் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். எங்களைச் சுற்றிச் சொந்தமும் தெரிந்தவர்களும். சகலை பாயச வாளியோடு வந்தார். எனக்கு ஊற்றினார். கலைக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். பக்கத்து வரிசைக்கும் கேட்கிற குரலில் சொன்னார்: "என் மக வயித்துல இருக்கிறதை எடுத்துத் தன் மகளுக்கு வைக்கப் பாக்குறான் இவன். பிள்ளை இல்லேன்னா இல்லேன்னு இருக்கணும்லா, அடுத்தவ முட்டைக்கு அலையலாமா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கையை நிறுத்தினார்கள். கலைக்கு முட்டை இல்லை என்பது அதுவரை எங்கள் இரண்டு குடும்பத்துக்குள் இருந்த விஷயம். அவள் இலையை மடித்துவிட்டு எழுந்தாள். பிரகாஷ் அவள் பின்னாலேயே போனான். நான் கை கழுவிவிட்டு வந்து சகலை முன்னால் நின்றேன். அண்ணே, என்னைச் சொன்னதை நான் தாங்கிக்கொள்வேன், என் பிள்ளையைச் சொன்னதை இதே இடத்தில், இதே ஆட்கள் முன்னால் நீங்கள் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்றேன். அவர் வாளியைக் கீழே வைக்கவே இல்லை.

"பந்தியில பரிமாறினதைத் திரும்ப எடுக்கிற பழக்கம் நம்மகிட்ட கிடையாது, மாணிக்கம்."

கதவுக்கு வெளியே ஒரு புருஷன்

அன்றைக்கே இரண்டு தீர்மானம் செய்துகொண்டேன். ஒன்று, ரேவதி மனசு மாறாதவரை இந்த வைத்தியம் நடக்கும். இரண்டு, சகலை அந்த வார்த்தையைத் திரும்ப எடுக்காதவரை அவர் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன். இரண்டிலும் இன்றுவரை நான் அசையவில்லை.

கருமுட்டை தானம் என்றால் வந்தோம், எடுத்தோம், போனோம் என்று நடக்காது. கொடுப்பவளின் ரத்தத்தைச் சோதிப்பார்கள், பரம்பரை நோய் விசாரிப்பார்கள். பிறகு ஆலோசகர் என்று ஒரு பெண் கொடுப்பவளையும் வாங்குபவளையும் தனித்தனியாகவும் சேர்த்தும் உட்கார வைத்துக் கேள்வி கேட்பார். யாராவது வற்புறுத்தினார்களா? பிறக்கும் பிள்ளைமேல் உனக்கு உரிமை கிடையாது, பெறுகிறவள்தான் அம்மா, தெரியுமா? நாளைக்கு ஒரே வீட்டு விசேஷத்தில் அந்தப் பிள்ளையைப் பார்த்தால் மனசு என்ன செய்யும்? பிள்ளையிடம் எப்போது, எப்படிச் சொல்லப்போகிறீர்கள்? பிள்ளை ரேவதி சாயலில் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கலையிடம் கேட்டபோது, எங்கள் இருவருக்கும் ஒரே மூக்குதான், யாருடையது என்று எவரும் கண்டுபிடிக்க முடியாது என்றாளாம். ஆலோசகர் சிரித்துவிட்டாராம்.

கொடுப்பவளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தால் அவள் கணவனும் சம்மதிக்க வேண்டும் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். ரேவதியின் கணவன் செல்வம், எம்ஆர்டி ரயில் பணிமனையில் வேலை பார்க்கிறவன், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். பழனிவேல் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, நீ சம்மதிக்காதே, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். அன்று ஆலோசகர் அறையிலிருந்து வெளியே வந்தவன் என் காரில் ஏறி, பாசிர் ரிஸ் வரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். சம்மதித்தானா இல்லையா என்று கேட்கத் துடித்தேன். கேட்கவில்லை, என் தொழில் அப்படி. தன் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இறங்கிக் கதவைச் சாத்தப் போனவன், திரும்பிக் குனிந்தான்.

"சரின்னு சொல்லிட்டேன் மாமா. மாமனார் மாசத்துக்கு ஒரு தடவைதான் வீட்டுக்கு வர்றாரு, ரேவதிகூட நான் தினமும் இருக்கணும்ல."

சீனி இல்லாத டீ

ஊசி ஆரம்பித்தது. பேனா மாதிரி இருக்கும், வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்துத் தானே குத்திக்கொள்ள வேண்டும். மருந்தைப் பனிப்பெட்டியில் வைக்க வேண்டும். இடையிடையே கிளினிக்குக்கு வந்து ஸ்கேன் எடுத்து, முட்டை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். அந்தச் சமயத்தில் வயிறு உப்பும், தலை வலிக்கும், காரணமில்லாமல் அழுகை வரும். கலையும் ஒரு பக்கம் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், கருப்பை தயாராவதற்காக.

ரேவதி வீட்டில் அவள் மாமியாரும் இருக்கிறார். அந்தம்மாவிடம் யாரும் சொல்லவில்லை, மனசு கஷ்டப்படுவார் என்று செல்வம்தான் வேண்டாம் என்றான். ஆனால் அவர் ஒரு நாள் ரேவதி குத்திக்கொள்வதைப் பார்த்துவிட்டார். அவருக்கே சர்க்கரை நோய், அதே மாதிரி பேனாவைத் தினமும் பிடிக்கிறவர். பாவம், இந்த வயதிலேயே மருமகளுக்கு வந்துவிட்டதே என்று முடிவு செய்துவிட்டார். மறுநாளிலிருந்து ரேவதிக்கு டீயில் சீனி கிடையாது, சோற்றில் பாதிதான், கேசரிக் கிண்ணம் அலமாரியின் உச்சிக்குப் போய்விட்டது. தினமும் பாகற்காய் வேறு. மறுக்கவும் முடியாது, உண்மையைச் சொல்லவும் முடியாது. ஸ்கேனுக்குக் கூட்டிப்போக நான் போனபோது, காரில் ஏறியதும் ஏறாததுமாக வழியில் எங்காவது ஒரு காப்பிக்கடையில் நிறுத்துங்கள் என்று கெஞ்சினாள்.

"ஊசி வலிக்கல சித்தப்பா. சீனி இல்லாத டீதான் வலிக்குது."

பஞ்சாமிர்தம்

முட்டை எடுக்கும் நாள் வந்தது. முதல் நாள் ராத்திரியிலிருந்து வயிற்றுக்குள் ஒன்றும் போகக் கூடாது என்று சிஸ்டர் லிம் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். வயிற்றில் ஏதாவது இருந்து, மயக்கத்தில் வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் போய்விடும், உயிருக்கே ஆபத்து. செல்வத்துக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. காலையில் நானே போய் ரேவதியை ஏற்றினேன். வழியில் காத்தோங்கில் சாமி கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்றாள். நேரம் இருந்தது. அவளை இறக்கிவிட்டு, இடம் தேடிக் காரை நிறுத்திக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. அப்பா வந்திருந்தார் சித்தப்பா என்றாள். அதற்குமேல் நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

கிளினிக்கில் கடைசியாக எப்போது சாப்பிட்டாய் என்று கேட்டார்கள். நேற்று ராத்திரி என்றாள். தண்ணீர்? குடிக்கவில்லை. பிறகு அவளாகவே, பிரசாதம் மட்டும் வாங்கிக்கொண்டேன் என்றாள். என்ன பிரசாதம், எவ்வளவு என்று சிஸ்டர் லிம் கேட்டார். பஞ்சாமிர்தம். கோயிலில் அப்பா தன் கையால் அள்ளி அவள் உள்ளங்கையில் வைத்திருக்கிறார். வாழைப்பழம், வெல்லம், தேன், நெய், பேரீச்சம்பழம், கை நிறைய. வாரக்கணக்கில் தன்னோடு பேசாத அப்பா கொடுத்ததும் அவள் நின்ற இடத்திலேயே சாப்பிட்டுவிட்டாள். சாமி பிரசாதத்தைச் சாப்பாடு என்று நம்மில் யார் கணக்கு வைக்கிறோம்? விரதம் இருக்கிறவர்கள்கூடக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டுக்கொள்கிறோம். ஆனால் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் தலையை ஆட்டிவிட்டார். இப்போது மயக்கம் கொடுக்க முடியாது.

சரி, மத்தியானத்துக்குமேல் செய்யலாமே என்று அங்கே முன்பே வந்து காத்திருந்த கலை கேட்டாள். அது முடியாது. முட்டைகள் கழன்று வருவதற்கான கடைசி ஊசியை முன்பே போட்டாயிற்று. அதைப் போட்ட பிறகு உடம்பு யாருக்காகவும் காத்திருக்காது. தாமதமானால் முட்டைகள் தாமாகவே வெளியேறிவிடும், எடுக்க ஒன்றும் இருக்காது. அத்தனை நாள் குத்திக்கொண்டதும் வீண். இன்னொரு முறை ரேவதியைக் கேட்கிற தைரியம் எங்களில் யாருக்கும் இல்லை. டாக்டர் ஒரு வழி சொன்னார். மயக்கம் இல்லாமல், உள்ளே மரத்துப்போக ஊசி போட்டு எடுக்கலாம். ஆனால் முழு நினைவோடு இருப்பாள், வலிக்கும், அவள் வேண்டாம் என்றால் யாரும் தப்பாக நினைக்கக் கூடாது.

நான் வெளியே தாழ்வாரத்தில் நின்றிருந்தேன். உள்ளே நடந்ததைக் கலைதான் பிறகு சொன்னாள். வேண்டாம் ரேவதி, போதும், நீ வீட்டுக்குப் போ, எனக்கு எதுவும் வேண்டாம் என்று இவள் அழுதிருக்கிறாள். ரேவதி இவள் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, தலையைத் தூக்கி டாக்டரைப் பார்த்திருக்கிறாள்.

"பிள்ளை பெத்தப்ப மட்டும் என்னைத் தூங்க வச்சா எடுத்தாங்க? ஊசியைப் போடுங்க டாக்டர்."

தெரிந்து கொடுத்தாரா?

முட்டைகள் கிடைத்தன. ரேவதியின் உதட்டில் பல் பட்ட காயமும், கலையின் கையில் நகம் பட்ட காயமும் ஆறக் கொஞ்ச நாள் ஆனது. எடுத்த முட்டைகளைப் பிரகாஷின் உயிரணுவோடு சேர்த்து ஆய்வகத்தில் வைத்தார்கள். தினமும் போன் வரும். சில முட்டை முதிரவில்லை, சில சேரவில்லை, சில வளரும்போதே நின்றுவிட்டன என்று ஒவ்வொரு போனிலும் குறைந்துகொண்டே வந்தது. மிஞ்சிய நல்ல கருவைக் கலையின் கருப்பைக்குள் வைத்தார்கள்.

என் மனசு மட்டும் பஞ்சாமிர்தத்தை விட்டு நகரவில்லை. மகள் ஒன்றும் சாப்பிடக் கூடாது என்பது அவள் அம்மாவுக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரிந்தது அந்த வீட்டில் அப்பாவுக்குத் தெரியாமல் இருக்குமா? தேக்கா சந்தையில் மீன் வாங்கும் இடத்தில் சகலையை நேருக்கு நேர் பார்த்தேன். அவர் வீட்டு வாசலைத்தானே மிதிக்க மாட்டேன் என்றிருக்கிறேன், சந்தை பொது இடம். தெரிந்துதான் கொடுத்தீர்களா என்று கேட்டேன். மீன்காரர் வெட்டுக் கத்தியைப் பிடித்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சகலை என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"பெத்த மகளுக்குச் சாமி பிரசாதம் கொடுத்ததுக்கு நான் உன்கிட்ட கணக்குச் சொல்லணுமா?"

பின்சீட்டில் இருந்தவர்

கருவை வைத்த பிறகு காத்திருக்க வேண்டும். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் தொலைக்காட்சிகூடச் சத்தமாக ஓடவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவு வரும் நாளில் எனக்கு வேலை. ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு கிளினிக்கிலிருந்து கிளம்பினேன். அடிக்கடி வருகிறவர். அன்று அவருக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள், முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. ஒன்றும் பேசாமல் கதவைத் திறந்துவிட்டேன்.

பாதி வழியில் போன் அடித்தது. கலை. காரை ஓரமாக நிறுத்தி எடுத்தேன். "அப்பா, இருக்குப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு அழுதாள். எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. காரை விட்டு இறங்கி நடுரோட்டில் நிற்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் பின்னால் அந்தப் பெண் இருக்கிறாரே. சரிம்மா, அப்புறம் பேசுறேன் என்று வைத்துவிட்டு, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கண்ணாடியில் அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கை உறிஞ்சிவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"நல்ல செய்தி மாதிரி இருக்கு அங்கிள். எனக்காக அடக்காதீங்க, சிரிங்க."

வளையல் போட வந்தவர்

போன மாதம் கலைக்கு வளைகாப்பு. எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் நாற்காலி போட்டு, கலவைச் சாதம் ஆர்டர் கொடுத்து நடத்தினோம். முதல் வளையலை ரேவதிதான் போட வேண்டும் என்று கலை பிடிவாதம் பிடித்தாள், ரேவதியே போட்டாள். ஊரெல்லாம் விஷயம் தெரியும், யார் தயவால் தெரிந்தது என்று நான் மறுபடி சொல்ல வேண்டியதில்லை. வந்தவர்களில் ஒரு அம்மா ரேவதி காதருகே போய், உனக்கு ஒரு மாதிரி இல்லையா என்று கேட்டார். எனக்குப் பசிதான் ஆன்ட்டி என்று சொல்லிவிட்டு அவள் புளிச்சாதத்தைத் தேடிப் போனாள்.

சகலையும் வந்தார். கூப்பிட்டது ராஜம், நான் இல்லை. பட்டு வேட்டி, கையில் இரண்டு தட்டு நிறையக் கண்ணாடி வளையல், பழம், பூ. கலை குனிந்து காலில் விழப் போனாள், வயிற்றோடு குனியாதே என்று பதறித் தடுத்துத் தலையில் கை வைத்தார். அவர் கண் கலங்கியதையும் பார்த்தேன், பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அன்று கோயில் பந்தியில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் இங்கே இருந்தார்கள். இதுதான் சமயம் என்று அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அண்ணே, கோயிலுக்குக்கூட வர வேண்டாம், அன்றைக்குச் சொன்னது தப்பு என்று இங்கேயே என் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள், நான் உங்கள் வீட்டுக்கு வருகிறேன் என்றேன்.

அவர் தொண்டையைக் கனைத்தார். சுற்றிப் பார்த்தார். நாலு பேர் காது கொடுத்தார்கள். சகலை என் தோளில் கை போட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"என் மக இருக்கும்போது உங்களுக்கு என்ன குறைன்னு நான் அப்பவே சொன்னேன்லா, மாணிக்கம்?"

கண்ணுக்குத் தெரியாத கருமுட்டையை ஒரு பெண்ணின் உடம்புக்குள்ளிருந்து பத்திரமாக எடுக்க ஊசி கண்டுபிடித்துவிட்டார்கள், என் சகலையின் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தையை எடுக்கத்தான் இந்த ஊரில் இன்னும் கருவி வரவில்லை, வரும்வரை நான் அவர் வாசலை மிதிக்கப்போவதில்லை.